120 ரூபாய்க் கண்ணாடியும் 1,550 ரூபாய்க் கண்ணாடியும்

மாத்திரை அட்டையின் ஓரத்தில் காலாவதித் தேதியைப் பல கம்பெனிகள் மையில் அச்சடிப்பதில்லை. அழுத்தி மட்டும் விட்டுவிடுவார்கள். வெள்ளித் தாளில் வெள்ளி எழுத்து. ட்யூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். போன ஆடி மாதம் ஒரு மாலை அப்படிச் சாய்த்துப் பார்த்து, 08/25 என்று படித்து, ஒரு பெரியவருக்கு ரத்த அழுத்த மாத்திரை பத்து எடுத்து வைத்தேன். பில் போடும் தம்பி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “அக்கா, இது மூணாம் மாசம்” என்றான். 03/25. நாலு மாதம் முன்பே முடிந்துபோன அட்டை, எப்படியோ டப்பாவின் அடியில் தங்கியிருந்தது.

பெரியவர் கவனிக்கவில்லை. நான் வேறு அட்டை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். ஆனால் உள்ளங்கை வேர்த்தது அடங்கவில்லை. ஏனென்றால் அந்த நேரம் நான் கண்ணாடி போட்டிருந்தேன். கண்ணாடி போட்டும் மூன்றை எட்டாகப் படித்திருக்கிறேன்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்ட். வயது 47. கடந்த ஒரு வருடத்தில் கண்ணாடி விஷயமாக நான் அலைந்ததையும், வாங்கியதையும், வாங்காமல் விட்டதையும் எழுதினால் நாற்பதைத் தாண்டிய யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் கண்ணாடி புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் வாங்கியது. போன சித்திரையில், மகாத்மா காந்தி வீதியில், பிளாட்பாரத்தில் தார்ப்பாய் விரித்து வரிசையாக அடுக்கியிருந்தார் ஒருவர். ஒவ்வொன்றிலும் சின்ன ஸ்டிக்கரில் +1.00, +1.50, +2.00 என்று பவர். ஒரு பழைய செய்தித்தாளை மடித்துக் கையில் கொடுத்து, “போட்டுப் படிச்சுப் பாருங்கக்கா, எது தெளிவா இருக்கோ அதுதான் உங்களது” என்றார். 1.50 ஒட்டியது. 150 சொன்னார், 120-க்குக் கொடுத்தார்.

அந்தக் கண்ணாடி கொடுத்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்கு முன் ஒரு வருடமாக மருந்துச் சீட்டைக் கையை நீட்டி நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை நீளம் போதவில்லை என்கிற கட்டம் வந்திருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் டிக்கெட்டின் பின்பக்கம் வரை படித்துப் பார்த்தேன். பிரேம் லேசு, மூக்கில் தடம் விழவில்லை, கீல் இன்றைக்கும் ஆடவில்லை. 120 ரூபாய்க்கு அது கெட்ட பொருள் இல்லை.

இரண்டு மாதம் கழித்து மாலையானால் இடது புருவத்துக்கு மேல் ஒரு வலி வர ஆரம்பித்தது. கடை நெருக்கடி, தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த மூன்றாம் மாத அட்டை விவகாரத்துக்குப் பிறகுதான், இரவு கடை அடைக்கும் முன் கவுண்டரில் நின்று ஒரு காரியம் செய்தேன். அதே அட்டையை எடுத்து, இடது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தேன். 03/25, தெளிவாக. வலது கண்ணை மூடிப் பார்த்தேன். மூன்றும் எட்டும் ஆறும் ஒரே மாதிரி. எழுத்தின் பக்கத்திலேயே அதன் நிழல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பவர் கூட்டின கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாலும் அந்த நிழல் போகவில்லை. இத்தனை மாதமும் வலது கண் ஒன்றுதான் படித்துக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமலே.

இதற்கு என்ன காரணம் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். நாற்பதை ஒட்டி வருகிற வெள்ளெழுத்து எல்லோருக்கும் வருவது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக விறைத்துப்போகிறது, பக்கத்தில் பார்க்கும்போது முன்னைப் போலக் குவிந்து கொடுப்பதில்லை. அந்தக் குறையை ஒரு ப்ளஸ் லென்ஸ் ஈடுகட்டும். ரெடிமேட் கண்ணாடி செய்வது அந்த ஒரு வேலையை மட்டும்தான். அதில் இரண்டு பக்கமும் ஒரே பவர். கருவிழியின் வளைவு ஒரு திசையில் கூடுதலாகவும் இன்னொரு திசையில் குறைவாகவும் இருப்பவர்களுக்கு வேண்டிய சிலிண்டர் பவர் அதில் கிடையாது. இரண்டு லென்ஸ்களின் மையத்துக்கு நடுவே உள்ள தூரமும் பொதுவாக 62, 64 மில்லிமீட்டர் என்று ஒரு சராசரி அளவு. எனக்குக் கண்மணிக்குக் கண்மணி 58 தான். 1.50 மாதிரிக் குறைந்த பவரில் இந்தத் தூர வித்தியாசம் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. 2.50, 3 என்று ஏற ஏறக் கண் இழுக்கிற மாதிரி இருக்கும், ஏனென்றால் மையம் விலகுவதால் வரும் இழுப்பு பவரோடு சேர்ந்து பெருகும்.

பவரைப் பற்றி இன்னொன்று. நூறைப் பவரால் வகுத்தால் அந்த லென்ஸ் எத்தனை சென்டிமீட்டரில் குவிக்கும் என்று வரும். 2-க்கு 50, 2.50-க்கு 40, 3-க்கு 33. இதை வைத்து என் சண்டே மார்க்கெட் கண்ணாடியை மொட்டைமாடியில் சோதித்துப் பார்த்தேன். நல்ல வெயிலில் லென்ஸைத் தரைக்கு மேலே பிடித்து, வெளிச்ச வட்டம் மிகச் சிறியதாகும் உயரத்தை டேப்பால் அளந்தேன். 1.50 என்றால் சுமார் 67 வர வேண்டும். வலது லென்ஸ் ஏறக்குறைய அதுவே. இடது லென்ஸ் 60-க்கு வந்தது. அதாவது ஸ்டிக்கரில் இருந்த எண் ஒரு பக்கத்துக்குத்தான் சரி. டேப் வைத்து அளப்பது துல்லியமான முறை இல்லைதான், ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பது அதிலேயே தெரிகிறது. செய்து பார்ப்பவர்கள் தப்பித்தவறியும் லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது.

சரி, டெஸ்ட் செய்து கண்ணாடி போடுவோம் என்று ஊரிலேயே ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். ‘இலவசக் கம்ப்யூட்டர் கண் பரிசோதனை’ என்று வாசலில் பலகை. கடையின் பெயர் வேண்டாம். மெஷினில் முகவாயை வைக்கச் சொன்னார்கள், அரை நிமிடத்தில் ஒரு சீட்டு வந்தது. அதை வைத்து எழுத்துப் பலகையைப் படிக்க வைத்துச் சரிபார்க்கவில்லை. நேராகப் பிரேம் தட்டு வந்தது. மேலிருந்து கீழே பவர் கோடு தெரியாமல் மெல்ல மாறுகிற புராக்ரசிவ் லென்ஸ்தான் உங்களுக்குப் பொருத்தம், ஆஃபரில் 6,800 என்றார் அந்தத் தம்பி. என் வேலை என்ன, எவ்வளவு தூரத்தில் பார்ப்பேன், தலைவலி எந்தப் பக்கம் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. மெஷின் கொடுப்பது ஒரு ஆரம்பக் கணக்குதான். அதன் பிறகு லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வந்ததற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

வெள்ளெழுத்தை அம்மா சாளேசரம் என்பார். நாற்பத்தைந்து வயதிலிருந்து பிளாட்பாரக் கண்ணாடிதான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை, “பவர் ஏறிடுச்சுடி, இன்னொண்ணு வாங்கிட்டு வா” என்பார். நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தினமும் தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிப்பார். எழுத்துதான் தெரிகிறதே, கண்ணுக்கு என்ன என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. எட்டு வருடம் முன்பு, நடக்கும்போது இடது தோள் கதவு நிலையில் இடிக்க ஆரம்பித்தது. பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிடுவார். வயது என்றோம். கண்புரை இருக்குமோ என்று காட்டப் போன இடத்தில்தான் கண் நீர் அழுத்த நோய் என்றார்கள். கிளாகோமா. இடது கண்ணில் பக்கப் பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது.

இந்த நோய் பொதுவாக ஓரத்திலிருந்து உள்ளே வரும். நடுப் பார்வை கடைசி வரை நிற்பதால் பேப்பர் படிக்கலாம், ஊசியில் நூல் கோக்கலாம். பெரும்பாலும் வலி இருக்காது. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற மட்டும்தான் மருந்து. இப்போது தினமும் இரவில் லட்டனோப்ரோஸ்ட் சொட்டு நான்தான் போடுகிறேன். பிளாட்பாரக் கண்ணாடி அந்த நோயைக் கொண்டுவரவில்லை. அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஒவ்வொரு முறை பவர் ஏறியதும் கண் டாக்டரிடம் போயிருக்க வேண்டிய ஒரு பயணத்தை அந்தக் கண்ணாடி மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டது. மருந்துக் கடையில் நிற்கிற நானே அதைக் கவனிக்கவில்லை. பெற்றவர்களுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ கிளாகோமா இருந்தால் நமக்கும் வர வாய்ப்பு அதிகம் என்று தெரிந்திருந்தும், என் கண்ணை நான் 47 வயது வரை காட்டவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, நானும் வீட்டுக்காரரும் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனோம். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையிலேயே இருக்கிறது, பஸ்ஸில் ஏறினால் நேராக இறங்கிவிடலாம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியது அரவிந்த். தவளக்குப்பத்துக்கு வந்தது 2003-இல். கூட்டம் அதிகம், காத்திருக்க வேண்டும், அதற்குத் தயாராகச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம். பார்வை, பவர், கண் அழுத்தம் என்று ஒவ்வொன்றாக முடிந்து, சொட்டு விட்டுக் கண்மணி விரிந்த பிறகு டாக்டர் உள்ளே நரம்பைப் பார்த்தார். அம்மாவின் விஷயத்தைச் சொன்னதும் என்னை இரண்டாவது முறை பார்த்தார். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, வருடா வருடம் வாருங்கள் என்றார். அதைக் கேட்டபோது கண் கூசியதோடு சேர்ந்து அழுகையும் வந்துவிட்டது.

பவர் பார்த்த பெண் பொறுமைசாலி. முதலில் தூரம், பிறகு பக்கம். எந்தத் தூரத்தில் வேலை என்று கேட்டார். மாத்திரை அட்டை ஒரு முழத்துக்குள், கம்ப்யூட்டர் திரை கையெட்டும் தூரம், எதிரே நிற்கும் ஆள், அதற்கு மேல் அலமாரி என்று சொன்னேன். எனக்கு வந்த கணக்கு: வலது கண்ணுக்குத் தூரத்துக்கு ஒன்றும் வேண்டாம். இடது கண்ணுக்கு மைனஸ் 1.00 சிலிண்டர், அது நிற்க வேண்டிய கோணம் 90 டிகிரி. பக்கத்துக்கு இரண்டிலும் 1.75. அந்த ஒரு நம்பர் சிலிண்டர்தான் என் மூன்றையும் எட்டையும் ஒன்றாக்கியது. ரெடிமேடில் எந்தப் பவரை எடுத்தாலும் அது சரியாகாது.

வீட்டுக்காரருக்கு 51. அரசுப் பஸ்ஸில் கண்டக்டர். அவருக்கு இரண்டு கண்ணும் ஒன்று போல, தூரம் முழுக்கத் தெளிவு, சிலிண்டர் இல்லை, பக்கத்துக்கு 2.00. கண் நரம்பும் நன்றாக இருக்கிறது. “உங்களுக்கு ரெடிமேட் கண்ணாடியே போதும்ங்க, இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்” என்று அந்தப் பெண்ணே சொன்னார். இவர் நாள் முழுக்கப் படிப்பவர் இல்லை. டிக்கெட் மெஷினையும் ரூபாய் நோட்டையும் ஒரு நொடி பார்ப்பார், உடனே படிக்கட்டில் ஏறுபவரைப் பார்க்க வேண்டும். கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கும் 2.00 ரெடிமேட்தான் அந்த வேலைக்குப் பொருத்தம். கூட்டத்தில் உடைந்தாலும் மனசு பதறாது. இப்போது மூன்று வைத்திருக்கிறார்: பையில் ஒன்று, வீட்டில் ஒன்று, கழுத்தில் ஒன்று.

ஒரே நாள், ஒரே ஆஸ்பத்திரி. ஒருவருக்கு ரெடிமேட் போதும், ஒருவருக்கு ஆகாது. இது சண்டே மார்க்கெட் தார்ப்பாயின் முன்னால் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடிகிற விஷயம் இல்லை.

திரும்பும்போது பஸ்தான். கண்மணி விரித்த பிறகு சில மணி நேரம் பக்கத்தில் எதுவும் தெரியாது, வெயில் குத்தும். பைக்கில் போகாதீர்கள்.

சீட்டை எடுத்துக்கொண்டு லாரன்ஸ் ரோடு பக்கம் ஒரு சின்னக் கடையில் கண்ணாடி செய்யக் கொடுத்தேன். டி பைஃபோக்கல் (மேல் பகுதி தூரத்துக்கு, கீழே D வடிவப் பகுதி பக்கத்துக்கு), சாதாரணப் பிளாஸ்டிக் லென்ஸ், மேலே கீறல் விழாத பூச்சு. லென்ஸ் 900, பிரேம் 650, ஆக 1,550. பார்வைக் குறைக்கான கண்ணாடிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான், பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள். நீல ஒளியைத் தடுக்கும் பூச்சு வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். 2023-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் குழுவினர் 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அந்த லென்ஸால் திரை பார்க்கும் கண் களைப்பு குறைவதாகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். மருந்து விற்பவள் என்பதால் இந்த மாதிரி விஷயங்களைத் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு.

முதலில் வந்த கண்ணாடியைப் போட்டதும் தரை ஒரு பக்கம் சரிந்தது. பழகிவிடும் என்றார்கள். மூன்று நாள் பார்த்தேன், பழகவில்லை. திரும்பக் கொண்டுபோய்ச் சீட்டோடு ஒப்பிடச் சொன்னால், இடது லென்ஸின் சிலிண்டரை 90-க்குப் பதில் 180-இல் வைத்துவிட்டார்கள். மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். கண்ணாடி கைக்கு வந்ததும் கடையிலேயே லென்ஸ்மீட்டரில் (லென்ஸின் பவரை அளக்கும் கருவி) வைத்து எண்ணைச் சீட்டோடு சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. லென்ஸில் சிலிண்டர் இருக்கிறதா என்று நாமே பார்க்க ஒரு வழி உண்டு: கண்ணாடியைக் கையில் பிடித்து, லென்ஸ் வழியாகக் கதவு விளிம்பைப் பார்த்தபடி மெதுவாகச் சக்கரம் போலத் திருப்புங்கள். சிலிண்டர் இருந்தால் விளிம்புக்கோடு சாய்ந்து ஆடும். ரெடிமேடில் கோடு அப்படியே நிற்கும்.

இப்போது நாலு மாதமாக அதைத்தான் போடுகிறேன். புருவ வலி இரண்டாவது வாரத்தில் நின்றது. அட்டை ஓரத்து எழுத்தைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியதுதான், ஆனால் ஒரு தடவை பார்த்தால் போதும். குழந்தைகளுக்கான பாரசிட்டமாலில் 120, 250 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை கண்ணைச் சுருக்குவதில்லை. குறையும் இருக்கிறது. மேல் தட்டில் இருக்கும் டப்பாவின் சின்ன எழுத்தைக் கீழ்ப் பகுதி வழியாகப் படிக்கக் கழுத்தை அண்ணாந்து தூக்க வேண்டும். ஸ்டூலில் ஏறி இறங்கும்போது கால் வைக்கும் படி மங்கும். முதல் வாரம் ஒரு தடவை கால் தவறி அலமாரியைப் பிடித்துக்கொண்டேன். இறங்கும்போது முகவாயைத் தாழ்த்தி, மேல் பகுதி வழியாகப் பார்க்கப் பழக வேண்டும். கம்ப்யூட்டர் திரைக்கு மேல் பகுதியும் சரியில்லை, கீழ்ப் பகுதியும் முழுதாகச் சரியில்லை. திரையை ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டேன். புராக்ரசிவ் இதையெல்லாம் தீர்க்கும் என்கிறார்கள். அடுத்த முறை யோசிப்பேன். ஆனால் கேள்வி கேட்டுவிட்டு விற்பவரிடம்தான் வாங்குவேன்.

சண்டே மார்க்கெட் கண்ணாடியைத் தூக்கிப் போடவில்லை. அடுப்படியில் இருக்கிறது. அரிசியில் கல் பார்க்க, கீரை ஆய, கேஸ் புத்தகத்து நம்பர் பார்க்கப் போதும். நாள் முழுக்க எழுத்தோடும் எண்ணோடும் வேலை செய்பவர்கள், தையல் மெஷினில் உட்காருபவர்கள், இரண்டு கண்ணையும் தனித்தனியாக மூடிப் பார்த்து வித்தியாசம் தெரிகிறவர்கள் ரெடிமேடை முழுநேரத்துக்கு நம்பக் கூடாது என்பது என் எண்ணம். மற்றவர்கள் தாராளமாகப் போடலாம். போட்டால் கண் கெடும் என்று சொல்லிப் பயமுறுத்துவது சரியில்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்கள் 751 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. கண்ணைப் பரிசோதித்து, பக்கத்தில் பார்ப்பதற்கான விலை குறைந்த கண்ணாடியை இலவசமாகக் கொடுத்ததும், அவர்கள் பறித்த கொழுந்தின் அளவு கண்ணாடி கிடைக்காதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடியது. ஒரு சாதாரணக் கண்ணாடி அவ்வளவு செய்யும். முதலில் அங்கேயும் கண்ணைப் பார்த்தார்கள்.

எங்கள் கடை முதலாளி அண்ணனுக்கு 58 வயது, சர்க்கரையும் உண்டு. பத்து வருடமாகப் பிளாட்பாரக் கண்ணாடிதான்; இப்போது 2.50 போடுகிறார். சர்க்கரை இருந்தால் பார்வை நன்றாக இருக்கும்போதே விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவின் கதையை முழுதாகச் சொன்ன அன்றைக்குத்தான் ஒன்றும் பேசாமல் கேட்டார். வருகிற வியாழக்கிழமை தவளக்குப்பம் போகிறார். பைக் வேண்டாம், மகனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் கடையை நான் பார்த்துக்கொள்கிறேன்.